டார்ச் விளக்கு, விசில், ஒரு நோட்டுப் புத்தகம்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் கிராமங்களின் இரவுக் காவல் குறித்து எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து வாசகர்கள் எழுதிய கடிதங்களுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். காவல் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கேட்டவர்களின் பெயரையும் ஊரையும் அவர்கள் நலன் கருதி வெளியிடவில்லை.

பாபநாசம் வட்டத்திலிருந்து ஒரு விவசாயி: குறுவை நடவுக்குப் பின் எங்கள் ஊரில் மூன்று மோட்டார் கொட்டகைகளின் பூட்டை உடைத்துக் கேபிள் ஒயரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஊர்க்கூட்டம் போட்டு, இளைஞர்கள் இருபது பேர் முறைவைத்து இரவுக் காவல் பார்ப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். காவல் நிலையத்தில் சொன்னபோது, ‘நல்ல காரியம், செய்யுங்கள்’ என்றார்கள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. எப்படித் தொடங்குவது?

‘செய்யுங்கள்’ என்ற ஒரு சொல்லோடு நீங்கள் திரும்பி வந்திருக்கக் கூடாது. ஊரார் தாமாக முன்வந்து தொடங்கிய இரவுக் காவல் அடுத்த அறுவடைக்குள் நின்றுபோவதை என் பணிக்காலத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்று என் பொறுப்பில் இருந்த எல்லைக்குள்ளேயே நடந்தது. அந்த ஊர் இளைஞர்கள் ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு வாய்க்கால் கரையில் பதிவெண் இல்லாத சரக்கு ஆட்டோ ஒன்று நிற்பதைப் பார்த்து நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். எடுத்தவர் கேட்டுக்கொண்டார், எழுதி வைக்கவில்லை, ரோந்து வண்டிக்கும் சொல்லவில்லை. மறுவாரம் அதே கரையில் இரண்டு மோட்டார்கள் களவுபோயின. நான் நேரில் சென்று வருத்தம் தெரிவித்தேன். ஆனாலும் அவர்கள் எங்களை மறுபடி கூப்பிடவே இல்லை. ஊர்க்காவல் நின்றுபோவதற்கு இளைஞர்களின் தூக்கத்தைக் குறைசொல்கிறவர்கள் அதிகம். சொன்னதைக் கேட்க மறுமுனையில் பொறுப்பான ஓர் ஆள் இல்லாதபோதுதான் அது நிற்கிறது என்பது என் அனுபவம்.

ஆகவே முதலில், காவல் பார்க்கப்போகும் அத்தனை பேரின் பெயர், கைப்பேசி எண், முறை நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ஊர் முக்கியஸ்தர்கள் கையெழுத்திட்டு நிலையத்தில் கொடுத்து, ஒப்புகை பெறுங்கள். உங்கள் ஊர் எந்தக் காவலரின் ரோந்துப் பகுதியில் வருகிறது என்று கேட்டு, அவரது எண்ணையும் நிலையத்தின் இரவுப் பணி எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். ரோந்து வரும் காவலர் கையெழுத்திடும் பட்டா புத்தகம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். அது பெரும்பாலும் கடைத்தெருவிலோ வங்கி வாசலிலோ இருக்கும். மோட்டார் கொட்டகைகளுக்குப் போகும் பாதையின் முகப்பில், மதகடியிலோ கோயில் வாசலிலோ ஒன்று வைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். புத்தகம் இருக்கும் இடத்துக்குக் காவலர் வந்தே ஆகவேண்டும் என்பதால், அதன் இடத்தை மாற்றுவது ரோந்தின் வழியையே மாற்றுவதாகும்.

இரவில் போகிறவர்கள் இருவராகவோ நால்வராகவோ போகட்டும். ஓர் இளைஞரோடு நடுவயதுக்காரர் ஒருவரும் இருப்பது நல்லது. கையில் டார்ச்சும் விசிலும் போதும். அரிவாளும் தடியும் வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் சுற்றினால் அந்த நேரத்தைத் திருடனும் கற்றுக்கொள்வான். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, எத்தனை மணிக்கு எங்கே போனோம், எந்தத் தெருவிளக்கு எரியவில்லை, எந்த வண்டி எங்கே நின்றது, யாருக்குத் தொலைபேசியில் சொன்னோம் என்பதை அன்றன்றே எழுதுங்கள். வழிப்போக்கரை நிறுத்தவோ, வண்டியைச் சோதிக்கவோ, அடையாள அட்டை கேட்கவோ உங்களுக்குச் சட்டத்தில் அதிகாரம் இல்லை. பார்ப்பதும் எழுதுவதும் உடனே சொல்வதும் உங்கள் வேலை. நிறுத்திக் கேட்பது காவலர் வேலை. உள்ளூர் எண் எடுபடவில்லை என்றால் 112-ஐ அழையுங்கள்.

கேபிள் ஒயர் களவில் இரவைவிடப் பகல்தான் முக்கியம் என்று நான் சொல்லுவேன். திருடியவன் அதை வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. ரப்பரை எரித்துவிட்டுச் செம்பைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுகிறான். வயல்வெளியில் ரப்பர் எரிந்த கரிந்த இடம் தெரிந்தால் அதைக் கலைக்காமல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். கூட்டத்தில் கிராம நிர்வாக அலுவலரும், நாம் இன்னும் தலையாரி என்றே அழைக்கும் கிராம உதவியாளரும் இருக்கட்டும். களவுப் பொருளை வாங்கி விற்பதில் பேர்போனவர் ஊரிலோ ஊருக்கு அருகிலோ இருந்தால் அதைத் தெரிவிக்கவேண்டிய கடமையைக் கிராம அலுவல் பார்ப்பவர்கள் மீது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 34ஆம் பிரிவு சுமத்துகிறது. களவுப் பொருள் என்று தெரிந்து வாங்குவது, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி தனிக் குற்றம்.

புகாரை எழுதும்போது ‘ஒயர் காணவில்லை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வயலில் கிடந்ததை எடுத்துப் போனால் அது அதே நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவின்படி சாதாரணத் திருட்டு. பொருளைப் பாதுகாக்கும் கட்டடத்தினுள் திருடினால் அது 305ஆம் பிரிவில் வரும். தண்டனை ஏழாண்டு வரை போகும். பூட்டு உடைக்கப்பட்டது, கொட்டகைக்குள் இருந்து எடுக்கப்பட்டது, ஒயரின் நீளம், வாங்கிய ரசீது, புதிதாகப் போட ஆகும் செலவு ஆகியவை புகாரில் இருக்கவேண்டும். மூன்று பேரும் தனித்தனியாகக் கொடுத்துவிட்டு, மூன்றும் ஒரே முறையில் நடந்திருப்பதைச் சுட்டிக்காட்டி ஊர் சார்பில் ஒரு மனுவும் கொடுங்கள்.

குத்தாலம் பகுதியிலிருந்து ஓர் இளைஞர்: எங்கள் ஊரிலும் இரவுக் காவல் இருக்கிறது. ஆனால் அது குடியானத் தெருவைச் சேர்ந்தவர்களின் காவல். எங்கள் காலனிப் பையன்கள் இரவில் வேலை முடிந்து வந்தால், அவர்களைத்தான் நிறுத்தி விசாரிக்கிறார்கள். எங்கள் தெருவில் ஆடுகள் களவுபோனபோது யாரும் வரவில்லை. இதில் நாங்கள் சேரவேண்டுமா, விலகி நிற்கவேண்டுமா?

வந்த கடிதங்களில் என்னை அதிகம் வருத்தியது இதுதான். ஒரு தெரு இன்னொரு தெருவைக் கண்காணிப்பதற்குக் காவல் என்று பெயர் சொல்லக்கூடாது. ஊர்க்காவல் இந்த நாட்டுக்குப் புதிதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்பது காவலுக்காக ஊரார் செலுத்தவேண்டிய ஒரு வரியாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. கொடுத்தவர் யார், காக்கப்பட்டவர் யார் என்ற கேள்வியும் அந்த அளவுக்குப் பழையது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்ட நினைவு இன்னும் இருக்கும் மண்ணில், ஊர் சேர்ந்து காவல் காக்கிறது என்ற சொல் எல்லாத் தெருவிலும் ஒரே பொருளில் கேட்காது. இதை உணராத காவல் அதிகாரி எத்தனை கூட்டம் போட்டாலும் பாதி ஊரின் தகவல்தான் அவருக்குக் கிடைக்கும்.

நடைமுறையிலும் இது பிழையான காவல். அதிகாலை மூன்று மணிக்கு விழித்திருப்பவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். நெல் மூட்டை ஏற்றப் போகும் சுமைதூக்கும் தொழிலாளர்கள், மீன் வாங்க நாகப்பட்டினத்துக்குப் புறப்படும் பெண்கள், அறுவடை எந்திரத்தோடு வந்து களத்தில் படுத்திருக்கும் ஓட்டுநர்கள், தண்ணீர் பாய்ச்சப் போகும் விவசாயத் தொழிலாளர்கள். ஊரில் புதிதாக ஏதேனும் நடமாடினால் முதலில் காண்பவர்கள் இவர்கள்தான். இவர்களைச் சந்தேகப் பட்டியலில் வைத்துவிட்டுக் காவல் பார்ப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு டார்ச் அடிப்பதற்குச் சமம்.

உங்களுக்கு என் யோசனை, விலகி நிற்கவேண்டாம் என்பதே. ஆனால் நிபந்தனையோடு சேருங்கள். ஒவ்வோர் இரவுக் குழுவிலும் இரண்டு தெருக்காரர்களும் இருக்கவேண்டும். சுற்றும் வழியில் உங்கள் தெருவும் இருக்கவேண்டும். நோட்டுப் புத்தகம் மாதம் மாறி மாறி ஒவ்வொரு தெருவிலும் இருக்கவேண்டும். இவற்றை ஊர்க்கூட்டத்தில் மட்டும் கேட்டால் போதாது. காவல் உதவி ஆய்வாளர் முன்னிலையில் கேட்டு எழுத வையுங்கள். மறுத்தாலோ, உங்கள் பிள்ளைகளை மீண்டும் நிறுத்தினாலோ, துணைக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள். சாதியின் பேரால் தடுப்பதும் இழிவுபடுத்துவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றமாகலாம். அச்சட்ட வழக்குகளைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே புலனாய்வு செய்யவேண்டும். ஆடு களவையும் விட்டுவிடாதீர்கள். ஆட்டின் நிறம், காதில் இட்ட அடையாளம், வாங்கிய சந்தை ஆகியவற்றைச் சொல்லிப் புகார் கொடுங்கள். இரண்டு ஆடுகள் ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் என்பதை நிலையத்தில் உள்ளவர்கள் அறியாதவர்கள் அல்லர்; எழுத வைக்கத்தான் வேண்டியிருக்கிறது.

கும்பகோணம் அருகிலிருந்து ஒரு வாசகி: என் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். மாமியாரும் நானும் குழந்தையும்தான் வீட்டில் இருக்கிறோம். மாதத்தில் ஒரு வாரம் அம்மா வீட்டுக்குப் போகவேண்டியிருக்கிறது. பூட்டிய வீட்டைப் பற்றிக் காவல் நிலையத்தில் சொன்னால், அந்தத் தகவலே வெளியே போய்விடாதா?

உங்கள் அச்சம் நியாயமானது. ஆனாலும் சொல்லுங்கள். வெளியூர் செல்பவர்களின் முகவரியைப் பெற்று, இரவு ரோந்தில் அந்த வீட்டையும் பார்த்து வருவது நிலையங்களில் நெடுநாளாக உள்ள வழக்கம். நிலையத்துக்கு நேரில் சென்று, போகும் நாளையும் திரும்பும் நாளையும் கொடுத்தால் போதும். வீட்டில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் வாசல் பெருக்கிக் கோலம் போடவும், மாலையில் விளக்கைப் போடவும் சொல்லிவிட்டுப் போங்கள். கோலமில்லாத வாசல், பெருக்காத இலைச்சருகு, பகலிலும் எரியும் விளக்கு ஆகியவை ஆளில்லை என்பதை எந்தத் தகவலையும்விட உரக்கச் சொல்லிவிடும். குடும்பத்தோடு கிளம்பும் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பதை ஊர் திரும்பும்வரை தள்ளிப்போடுங்கள். நகையை வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள்.

பகலில் ஊருக்குள் வந்துபோகிறவர்களைக் கவனிப்பதில் பெண்களுக்கு நிகரானவர்கள் இல்லை. ஒரே ஆள் ஒரு வாரத்தில் பாத்திரத்துக்குப் பாலிஷ் போடவும், பிறகு வாடகைக்கு வீடு கேட்டும், பிறகு முகவரி விசாரித்தும் வந்தால், அதை நினைவில் வைப்பவர்கள் நீங்கள்தான். ஊர்க்குழுவில் பெண்கள் இல்லை என்றால் பகற்காவல் இல்லை என்றே பொருள். மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்துக்கு மாதம் ஒருமுறை ஒரு பெண் காவலரை அழையுங்கள்; அழைத்தால் வருவார்கள். தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியையும் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மன்னார்குடி வட்டத்திலிருந்து ஒருவர்: திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தால், காவலர் வரும்வரை கட்டி வைப்பதில் தவறு என்ன?

கண்ணெதிரே நடந்த, பிணையில் விடமுடியாத, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றத்துக்குப் பொதுமக்களில் எவரும் ஒருவரைப் பிடிக்கலாம் என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு அனுமதிக்கிறது. தேவையில்லாத தாமதமின்றி, எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள், அவரைக் காவலரிடம் ஒப்படைக்கவேண்டும். சட்டம் தரும் அனுமதி அவ்வளவுதான். ஓடிவிடாமல் சூழ்ந்து நின்றுகொண்டு நிலையத்துக்குச் சொல்லுங்கள். மரத்தில் கட்டுவதும் அடிப்பதும் குற்றம். அதைக் கைப்பேசியில் எடுப்பதும் கூடாது. அடிபட்டவர் இறந்துபோனால், அடித்தவர்கள் கொலை வழக்கில் நிற்பார்கள்.

2018 மே மாதம் பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை ஊரார் அடித்துக் கொன்றதை நீங்கள் மறந்திருக்க முடியாது. அவர் செய்ததெல்லாம் வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. அவரை அடித்தவர்களும் தங்கள் பிள்ளைகளைக் காப்பதாகத்தான் நினைத்தார்கள். அறியாத முகத்தின் படத்தை ஊர்க் குழுவில் போட்டு ‘உஷார்’ என்று எழுதும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். படத்தைக் காவலருக்கு மட்டும் அனுப்புங்கள்.

வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு கோயில் பணியாளர்: ஒருகால பூசை மட்டும் நடக்கும் சிறிய சிவன் கோயில் இது. பஞ்சலோகத் திருமேனிகள் நான்கு உள்ளன. ஊரார் அவற்றைத் திருவாரூர் பாதுகாப்பு மையத்துக்கு அனுப்ப மறுக்கிறார்கள். நான் என்ன செய்வது?

சாமியை ஊரைவிட்டு அனுப்ப மனம் வராது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர் மாவட்டத்தில் உள்ள ஸ்ரீபுரந்தானில் நடந்ததை அவர்களுக்குச் சொல்லுங்கள். வழிபாடு நின்று பூட்டிக் கிடந்த அக்கோயிலின் நடராசர் 2006-இல் களவுபோனார். ஊருக்கு அது தெரிந்தது 2008-இல். அந்த இடைவெளியில் அத்திருமேனி கடல் கடந்து, ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்துக்கு 50 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டிருந்தது. அது 2014-இல் திரும்பி வந்ததற்குப் பெரிதும் துணைநின்றது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படம். குடவாசல் அருகே பத்தூரில் மண்ணுக்கடியில் கிடைத்துக் கடத்தப்பட்ட நடராசரும் லண்டனில் வழக்கு நடத்தித்தான் 1991-இல் மீட்கப்பட்டார்.

இவற்றிலிருந்து உங்கள் வேலை தெரியும். திருமேனிகளை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் பீடத்தோடும் படமெடுத்து, உயரத்தையும் உடைந்த விரல், தேய்ந்த முகம் போன்ற தனி அடையாளங்களையும் எழுதி, ஒரு படியை அறநிலையத் துறை ஆய்வாளரிடமும் ஒரு படியைக் காவல் நிலையத்திலும் கொடுங்கள். இந்தப் படங்களை முகநூலில் போடவேண்டாம். தினமும் கதவு திறக்கப்பட்டு நாலு பேர் வந்துபோகும் கோயிலில் களவு மறைந்திருக்காது. ஆகவே ஒருகால பூசைக்கு முறைவைத்துத் தெருக்காரர்கள் வரட்டும். அதற்கும் ஆளில்லாத ஊர் என்றால், மையத்துக்கு அனுப்பிவிட்டுத் திருவிழா நாளில் எடுத்துவர அனுமதி கேட்பதே பொறுப்பான செயல் என்பேன். வழிபாட்டிடத்தில் உள்ள திருமேனியைத் திருடுவதை நியாய சன்ஹிதாவின் 305ஆம் பிரிவு வெளிப்படையாகவே குறிப்பிட்டு, ஏழாண்டு வரை தண்டனை விதிக்கிறது.

நாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்து ஒரு வணிகர்: ஊர் நுழைவில் கண்காணிப்பு கேமரா வைக்கப் பணம் திரட்டியிருக்கிறோம். கவனிக்கவேண்டியவை எவை?

கேமரா சாலையைப் பார்க்கட்டும். குளக்கரைப் படித்துறையையும் வீட்டு முற்றங்களையும் பார்க்கக்கூடாது. வண்டியின் பதிவெண் இரவில் படிக்கும்படி தெரிகிறதா என்று சோதித்த பிறகே பணம் கொடுங்கள். மின்சாரம் போனால் நிற்காதபடி பேட்டரி இருக்கட்டும். கஜா புயலுக்குப் பின் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த மாவட்டத்துக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. பதிவு எத்தனை நாள் தங்கும் என்று தெரிந்துகொண்டு, சம்பவம் நடந்தால் அது அழிவதற்குள் காவலரிடம் சொல்லுங்கள். நீதிமன்றத்தில் அது சாட்சியாக நிற்கச் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும் என்பதால், கருவியின் பொறுப்பு ஒருவர் பெயரில் இருக்கவேண்டும்.

திருவையாறு வட்டத்திலிருந்து ஒருவர்: எங்கள் ஊர் கொள்ளிடக் கரையில் இருக்கிறது. அக்கரை வேறு மாவட்டம். களவு நடந்தது ஆற்றின் எந்தப் பக்கம் என்று கேட்டே எங்களை அலைக்கழிக்கிறார்கள்.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவலை எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். பதிவு செய்த பின் உரிய நிலையத்துக்கு மாற்றவேண்டியது அவர்கள் பொறுப்பு. மின்னணு வழியிலும் அனுப்பலாம். மூன்று நாளுக்குள் சென்று கையெழுத்திடவேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். பதிவு செய்யாமல், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தால் அதை வாங்கி வைத்துக்கொண்டு, புகாரின் சாரத்தை மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் மனு செய்யலாம்.

சீர்காழி பகுதியிலிருந்து ஒரு முன்னாள் ஆசிரியர்: எங்கள் ஊருக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்த உதவி ஆய்வாளர் மாற்றலாகிவிட்டார். புதியவர் வரவில்லை. ‘காவல்துறை நண்பர்கள்’ அமைப்பே தடைசெய்யப்பட்டுவிட்ட பிறகு இதெல்லாம் எதற்கு என்கிறார்கள் இளைஞர்கள். குழுவைக் கலைத்துவிடலாமா?

கலைக்காதீர்கள், ஐயா. காவலருக்குத் துணைசெய்யும் தன்னார்வலர்களின் அமைப்பான ‘காவல்துறை நண்பர்கள்’ 1993-இல் இராமநாதபுரம் மாவட்டத்தில், அப்போது அங்கே கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கியது. பின்னர் மாநிலம் முழுதும் பரவியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்தபோது அந்த அமைப்பைச் சேர்ந்தவர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. ஜூலையில் அரசு அதைத் தடைசெய்தது. காவலரின் அதிகாரத்தில் கொஞ்சம் தனக்கும் கிடைத்துவிட்டதாகப் பொதுமகன் நினைக்கத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்பதை அந்நிகழ்வு காட்டியது. அந்த வேதனையை நான் சிறிதாக்கிச் சொல்லமாட்டேன். உங்கள் குழு காவலருக்குத் துணைப்படை அன்று. நிலையத்துக்குள் உங்களுக்கு வேலையும் இல்லை. உங்கள் ஊரில் நடப்பதை நீங்கள் எழுதி வைத்துச் சொல்கிறீர்கள். அதை எந்தத் தடையும் தொடாது.

புதிய அதிகாரி வருவார் என்று காத்திருக்காமல், ஆணும் பெண்ணுமாக நாலைந்து பேர், எல்லாத் தெருவிலிருந்தும், அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போங்கள். அதில் கடந்த ஆண்டு நீங்கள் தெரிவித்த தகவல்களும் அவற்றின் பலன்களும் தேதியோடு இருக்குமே, அவற்றைப் படித்துக் காட்டுங்கள். அவர் நேரம் ஒதுக்கவில்லை என்றால், புதன்கிழமை கண்காணிப்பாளர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்ப்பு நாளுக்கு அதே புத்தகத்தோடு செல்லுங்கள். சம்பா அறுவடை தொடங்கிக் கொள்முதல் நிலைய வாசலில் நெல் குவிந்துவிட்டால் யாருக்கும் நேரமிராது; தை பிறப்பதற்குள் போய்விட்டு வாருங்கள்.